மத்தியான அரவை

கரண்ட் பில்லை நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். கட்டவேண்டிய தொகை கீழேதானே இருக்கிறது, மேலே இருப்பதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்கிற அலட்சியம். அந்தத் தடவை கீழே இருந்த தொகை வழக்கத்தைவிட ரொம்பக் கூடுதல். அதனால் ஒவ்வொரு வரியாக மேலே ஏறிப்போனேன். காலை நேரத்து யூனிட் தனியாக, சாயங்கால நேரத்து யூனிட் தனியாகப் போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் மற்ற நேரத்தைவிடக் கூடுதல் விலை. தக்காளிக்குக் காலையில் ஒரு விலை, பொழுது சாய்ந்தால் ஒரு விலை என்றால் புரியும். சாயங்காலம் அது வதங்கிப்போயிருக்கும். ஒரே கம்பியில் வருகிற கரண்டுக்கு எதற்கு இரண்டு விலை? அதுவும் வதங்குமா என்ன? இந்தக் கேள்வி எனக்குள் புகுந்துகொண்டது. எனக்குள் புகுந்த கேள்வி லேசில் வெளியே போகாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பரமத்தி வேலூர் போகிற ரோட்டோரத்தில் எங்கள் மாவு மில். மாமனார் ஆரம்பித்தது. அவர் காலமான பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அரிசி, ராகி, கம்புக்கு ஒரு மெஷின்; மிளகாய், மல்லிக்கு ஒரு மெஷின். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். வருஷத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கர் பக்கம் எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்தால் வண்டி நிற்கும், அவரும் ஊர் திரும்புவார். பில் வந்த அன்று போனில் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. மில்லை மூடிவிட்டுக் கட்டிடத்தைக் கோழித்தீவன ஏஜென்சிக்கு வாடகைக்கு விட்டுவிடலாம், ஏஜென்சிக்காரர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மழைக்கு வந்ததும் முடித்துவிடலாம் என்றார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. வாடகை சும்மா வரும், மெஷின் சும்மா வராது.

ஆனால் எனக்கு அந்த மில் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் நான் ஒருவருக்கு மருமகள், ஒருவருக்கு மனைவி. மில்லில் நான் ஸ்டார்ட்டரை அழுத்தினால்தான் பெல்ட் சுற்றும். ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அரவைக்கு வரும் மாவிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாடகை வாங்குவதை நினைத்தாலே எரிச்சலாக வந்தது. மழைக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அதற்குள் பில்லில் இருக்கும் அந்த இரண்டு வரியையும் இளைக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஈபி ஆபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். அங்கே இருந்த இஞ்சினியர் ஆத்தூர்ப் பக்கத்துப் பொண்ணு. என் சத்தத்துக்கு அசரவில்லை. உட்காரச் சொல்லி, காலையில் நாமக்கல் போகிற பஸ் எப்படி இருக்கும் என்று கேட்டது. படியில் தொங்குவார்கள் என்றேன். மத்தியானம்? நாலு பேர் இருப்பார்கள், கண்டக்டர் தூங்குவார் என்றேன்.

"அந்தக் காலைக் கூட்டத்துக்குன்னே இன்னும் நாலு பஸ் வாங்கி விட்டா, மீதி நேரமெல்லாம் அது சும்மா நிக்கும். அதுக்கான செலவை யார் தர்றது? காலையில ஏறுறவங்கதான் தரணும். கரண்டும் அப்படித்தான்க்கா."

மத்தியானத்தில் ஊரெங்கும் சோலார் தகடுகள் கரண்டைக் கொட்டுகின்றன, வாங்க ஆளில்லை. பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, மிக்ஸி, அப்போது தகடுகள் தூங்கப் போய்விடும் என்று விளக்கமாகச் சொன்னது. உங்கள் அரவையை மத்தியானத்துக்கு மாற்றுங்களேன் என்றும் சொன்னது. சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. சண்டை போடப் போனவள் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு சில நாளைக்கு எனக்கு இதே வேலையாகிவிட்டது. ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். யார் எந்த நேரத்தில் எதை ஓட்டுகிறார்கள், அதை நகர்த்த முடியுமா என்று நோண்டினேன். முட்டைக்கோழிப் பண்ணைக்காரர் சிரித்தார். கோழிக்கு விடிவதற்கு முன்னால் விளக்குப் போட்டாக வேண்டுமாம், நேரம் மாறினால் முட்டை குறையுமாம். லாரிக்கு வெல்டிங் வைப்பவர், லாரி எப்போது வந்து நிற்கிறதோ அப்போதுதான் தன் நேரம் என்றார். டயருக்கு ரப்பர் ஒட்டுகிறவர் மட்டும் யோசித்துப் பார்த்து, என் டயர் காத்திருக்கும், ஆனால் வேலையாள் காத்திருக்க மாட்டான் என்றார். ஆளுக்கொரு முடிச்சு. ஈபியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களா அக்கா என்று கேலி வேறு. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. தினம் பார்த்த கடைகள்தான், உள்ளே ஒவ்வொன்றும் ஒரு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

என் மில்லின் கடிகாரம் பெண்கள். காலையில் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கம்பெனிக்கும் போகுமுன் வருவார்கள், இல்லையென்றால் வேலை முடிந்து சாயங்காலம் பொழுதோடு வருவார்கள். கூட்டத்துக்காக இரண்டு மெஷினையும் ஒன்றாக ஓட்டுவேன். மத்தியானத்தில் ஈ ஓட்டுவேன். பில்லில் எந்த இரண்டு நேரத்துக்கு விலை கூடுதலோ, சரியாக அந்த இரண்டு நேரம்தான் என் பிழைப்பு.

மத்தியானத்தில் வந்தால் அரவைக் கூலி குறைவு என்று போர்டு எழுதி வைத்தேன். எல்லோரும் நின்று படித்தார்கள், நல்லா எழுதியிருக்கிறது என்றார்கள். ஒருவரும் வரவில்லை. காலையில் டின்னை வைத்துவிட்டுப் போங்கள், மத்தியானம் அரைத்து வைக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் தானியத்தை மில்லில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் கிடையாது. மேலே தொட்டியில் கொட்டுவதிலிருந்து கீழே துணிக்குழாய் வழியாகக் கடைசிப் பொடி விழும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். குழாயைத் தட்டிவிடச் சொல்ல வேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் எந்த நேரத்தில் வந்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்து தண்ணீர் கட்டப் போகிற ஊர் இது. கரண்டுக்குத் தகுந்தபடி ஆள் மாறுவது எங்களுக்குப் புதிதே இல்லை. ஆனால் வாழைக்குத் தண்ணீர் பாய்வதும் ராகி மாவாவதும் வேறு வேறு விஷயம்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. எதற்கு அவரவர் தானியத்தை அரைக்க வேண்டும்? மத்தியானமே நல்ல அரிசியாக வாங்கி மாவாக்கி வைத்துக்கொள்வேன். காலையில் வருகிறவர்கள் அரிசியை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குத் தகுந்த மாவை உடனே வாங்கிக்கொண்டு போகலாம். நிற்கவும் வேண்டாம், மெஷினும் ஓட வேண்டாம். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு சாக்கைப் பிரித்துப் பார்த்தால் ரேஷன் அரிசி. அடுத்த சாக்கில் வண்டு. எத்தனையோ மாதமாக அடுக்குப் பானையில் கிடந்ததெல்லாம் என் மில்லுக்கு வந்து சேர்ந்தது. நல்ல அரிசி வைத்திருந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டு மாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வராததால் வந்ததெல்லாம் இன்னும் மட்டமாக வந்தது. என் நல்ல மாவு ஊரெங்கும் இடியாப்பமாகிக்கொண்டிருந்தது, நான் வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் சிரிப்பும் வந்தது. மாவைப் பொதுவாக்கினால் இப்படித்தான் ஆகும் என்று யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். எனக்கு அது சாக்கைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

மிளகாய்தான் முதலில் கைகொடுத்தது. மிளகாய் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த சூட்டோடு மெஷினில் போட்டால் நன்றாக அரைபடும். வீட்டு மாடியில் காயவைத்து, பொழுதோடு கொண்டுவருவதற்குள் அது பதத்துப்போகும். மில்லுக்கு முன்னால் சிமெண்ட் தளம் சும்மா கிடந்தது. காலையில் இங்கேயே கொண்டுவந்து காயப்போடுங்கள், உச்சி சாய்ந்ததும் அரைத்துக்கொண்டு போகலாம் என்றேன். வருஷத்துக்கு ஒருமுறை அரைக்கிற மிளகாய்க்காக ஒரு நாள் லீவு போட அவர்கள் தயார். வெயில் கரண்டையும் தந்து மிளகாயையும் காயவைத்தது. அந்த மாதப் பில்லில் சாயங்கால வரி கொஞ்சம் இளைத்தது.

ஆனால் மிளகாய் சீசன் முடிந்துவிடும். தினசரி அரிசியும் ராகியும் நகர்ந்தால்தான் மில் தாக்குப்பிடிக்கும். அங்கேதான் வந்து சேர்ந்தாள் எங்கள் தெருச் சண்டைக்காரி.

அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். என் மில்லுக்குத்தான் அரைக்க வருவாள். மெஷின் மாவைத் தின்கிறது என்று வீதிக்குக் கேட்கும்படி ஒருமுறை சண்டை போட்டிருக்கிறாள். கொட்டும்போது ஒரு மணி கீழே விழுந்தாலும் குனிந்து எடுப்பாள். அவளிடம் ஏமாற்றுக் கிடையாது; ஏமாறுவதும் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் அவள் வீட்டுப் பக்கம் போனபோது பார்த்தேன். சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே வேர்த்து விறுவிறுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். துணியில் வேர்வை சொட்டாமல் இருக்கக் கழுத்தில் துண்டு. எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. ஊரே தானியத்தை நம்பி விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால், அங்கே இருக்க வேண்டியது எல்லோருக்கும் பிடித்த ஆள் இல்லை. யாரையுமே நம்பாத ஆள்.

தையல் மெஷினை மில் முன்கூடத்துக்குக் கொண்டுவா, காத்தாடி இருக்கிறது, தையல் மெஷினுக்கு மோட்டாரும் மாட்டிக்கொள், கரண்டு என் செலவு என்றேன். பதிலுக்கு, வைத்துவிட்டுப் போகிறவர்களின் டின்னை அரைக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க காத்தாடிக்குத்தான் வாரேனுங்க. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு பிடி கொறஞ்சாலும் நானே வீதியில நின்னு சொல்லுவேன்."

அதைத்தான் நானும் வேண்டினேன். அவள் முன்கூடத்தில் உட்கார்ந்த செய்தி பரவிய அடுத்த நாளே காலையில் இரண்டு டின்கள் வந்தன. அப்புறம் தூக்குப்போசிகள். நான் கூலியைக் குறைத்தபோது அசையாதவர்கள், காலையில் ஒரு மணி நேரம் நிற்காமல் போகலாம் என்றதும் அசைந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குத் தலைசீவி அனுப்பலாம், பஸ்ஸில் உட்கார இடம் பிடிக்கலாம். அவர்கள் நேரத்துக்கு என்ன விலை என்று எந்தப் பில்லிலும் போடவில்லை, அதனால் நானும் யோசித்திருக்கவில்லை.

சில்லறைத் தொல்லைகள் வந்தன. சூடான மாவை மூடிபோட்டு வைத்ததில் முதல் வாரம் வேர்த்துக் கட்டிதட்டிவிட்டது. சண்டைக்காரி ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொண்டுவரச் சொல்லி, மூடிக்குப் பதிலாக அதைக் கட்டி ஆறவைத்தாள். பெரிய தொல்லை வேறு. டின்களை வந்த வரிசைப்படி அடுக்கி, அந்த வரிசையிலேயே அரைத்தோம். யாருடைய ராகிக்குப் பிறகு யாருடைய அரிசி மெஷினில் விழுகிறது என்பது இத்தனை வருஷமாக இத்தனை பேர் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலனியிலிருந்து வந்த டின்னுக்குப் பின்னால் தங்கள் டின் இருப்பதைப் பார்த்து எங்கள் ஆட்களே சிலர் முகம் சுளித்தார்கள். வாயால் அதைச் சொல்லவில்லை. மெஷினைத் துடைத்துவிட்டு எங்களதை முதலில் போடு என்றார்கள். முன்பெல்லாம் நானே எதையாவது சாக்குச் சொல்லி முன்னே பின்னே மாற்றிப் போட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. சண்டைக்காரி தையலிலிருந்து தலையைத் தூக்காமல், முன்னால் வேண்டுமென்றால் முன்னால் வரச் சொல்லுங்கள் என்றாள். வீட்டுக்காரரின் பெரியம்மா வீட்டிலிருந்து டின் வருவது நின்றுபோயிற்று. அவர்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வரிசையை மாற்றும் அளவுக்கு இல்லை.

ஆனால் பெரியம்மா வீட்டு வருத்தம் போன் வழியாகச் சத்தீஸ்கர் போய்விட்டது. மில் கெட்டுப்போய்விட்டது, காலையில் முன்புபோலக் கூட்டமே இல்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடவை பேசும்போது அவர் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அந்த மென்மை எனக்குப் பயமாக இருந்தது. முடிவெடுத்துவிட்டால்தான் அவர் அப்படிப் பேசுவார். பில் குறைந்திருக்கிறது என்றேன். ஆளே வராத மில்லுக்குப் பில் குறையத்தானே செய்யும் என்றார்.

அங்கே மழை பிடித்து அவர் ஊர் வந்து சேர்ந்த அன்று சண்டைக்காரி மில்லில் இல்லை. மோகனூரில் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். நாளைக்கு நான் இருக்க மாட்டேன் என்று முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அதனால் காலையில் டின் எதுவும் வராது என்றுதான் இருந்தேன். கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் முதல் டின்னோடு கம்பெனிக்குப் போகிற பொண்ணு ஒன்று வந்தது. அவள் இல்லை என்றேன். தெரியும் என்று வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டது அந்தப் பொண்ணு. பிறகு ஒவ்வொன்றாக வந்து சுவரோரம் வரிசை நீண்டது. மத்தியானம் மெஷினை ஓட்டியபோது சுற்றி ஒருவரும் இல்லை. ஆள் நின்று பார்க்கும்போதுகூட நான் குழாயை அத்தனை தடவை தட்டியதில்லை. ஒவ்வொரு டின் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பிரஷ்ஷால் ஓரத்துப் பொடியைக்கூடக் கூட்டி அவரவர் டின்னில் சேர்த்தேன். பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. சந்தோஷமும் அதற்குள்ளேயே இருந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தீவன ஏஜென்சிக்காரர். சாக்கு எத்தனை அடுக்கலாம் என்று அவர் சுவரைக் கண்ணால் அளந்துகொண்டே வந்தார். வீட்டுக்காரர் காலியான முன்கூடத்தையும் என்னையும் பார்த்தார்.

"ஒரு ஆளுங்கூட இல்லியே புள்ள."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுத்தான் சொன்னார். மெஷின் சத்தத்தில் எதையும் விளக்க முடியாது. சுவரோரம் கையைக் காட்டினேன். வெள்ளைத் துணி கட்டியவை ஒருபுறம், அரைபட வேண்டியவை ஒருபுறம். அவர் குனிந்து ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை. வரிசையின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். நான் மெஷினை நிறுத்தினேன்.

"இதெல்லாம் ஆருது?"

ஊர்க்காரர்களுடையது என்றேன்.

"வெச்சுப்போட்டுப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்றேன். பொழுதோடு வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றேன். அவர் இன்னொரு தடவை வரிசையைப் பார்த்தார். பிறகு ஏஜென்சிக்காரரிடம் சொல்வதுபோல, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"எங்கம்மா, எங்கப்பன் மில்லுலயே பக்கத்துல நின்னுதானுங்க அரைச்சுட்டு வரும்."

ஏஜென்சிக்காரர் சிரித்தார். வேறு இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று அவராகவே சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பில்லை எடுத்துக் காட்ட வேண்டும், காலை வரி எவ்வளவு இளைத்திருக்கிறது, எது இன்னும் இளைக்கவில்லை, ஏன் இளைக்காது என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் பில்லைக் கேட்கவே இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து நின்று, குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த டின்னை மேலே தூக்கினேன். தொட்டிக்கு வெளியே கொஞ்சம் சிந்திவிட்டது.

"ஏனுங்க, நீங்க போயி வெளிய உக்காருங்க. ஆராவது நின்னு பாத்தா எனக்குக் கை ஓடமாட்டேங்குது."

அவர் போய் வெளியே உட்கார்ந்தார்.